பெட்டிக்கு மட்டும் டிக்கெட்

புதன்கிழமை.
ஆறு நாற்பது வண்டி
ஏழரை ஆகியும் வரவில்லை.
அஞ்செட்டி நிறுத்தத்தில்
நீலப்பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
உள்ளே நான்கு பனிக்கட்டிப் பைகள்,
நடுவில் சொட்டுமருந்தும் ஊசிமருந்தும்,
சிக்கதொட்டியின் பதினோரு குழந்தைகளுக்கு.

"மீனா?" என்கிறார் பக்கத்திலிருப்பவர்.
போன புதனும் இவர்தான் கேட்டார்.
ஆமாம், ஒகேனக்கல் மீன் என்றேன்.
கிலோ என்ன விலை என்கிறார்.

வண்டி டிப்போவிலேயே படுத்துவிட்டதாம்,
டீக்கடையில் சொன்னார்கள்.
இல்லையில்லை, தேன்கனிக்கோட்டை தாண்டியாச்சு
என்றார் பஞ்சர் ஒட்டுகிறவர்.
கல்லூரிக்குப் போகிற பெண்
செல்போனைப் பார்த்துச் சொன்னாள்,
வண்டி இங்கேதான் இருக்கிறதாம்,
நமக்கு நேர் முன்னால்.
எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம்.
ஒரு மாடு நின்றிருந்தது.

எட்டு ஏழுக்கு வந்தது.
மகளிருக்குக் கட்டணமில்லை என்று
நெற்றியில் எழுதிக்கொண்டு,
ஒரு கண் விளக்கில்லாமல்.
கண்டக்டர் திம்மராயன் என் கையில்
பூஜ்ஜியம் போட்ட சீட்டைத் திணித்தார்.
பிறகு பெட்டியைப் பார்த்தார்.
"இதுக்கு லக்கேஜ் போடணும் சிஸ்டர்."
அரசாங்க மருந்துங்க.
"நானும் அரசாங்கம்தான்.
செக்கிங் ஏறினா மெமோ எனக்கு."
பத்து ரூபாய்.
எனக்கில்லாத மதிப்பு பெட்டிக்கு.

ஏரிக்கரைத் திருப்பத்தில்
போன தேர்தலுக்கு முன் கொட்டிய ஜல்லி.
குவியலின் மேல் புல் முளைத்து
இன்று ஓர் ஆடு மேய்கிறது.
டிரைவர் குழிக்குக் குழி பேரம் பேசி
வண்டியை நகர்த்துகிறார்.
கம்பியைப் பிடித்த கை ஒன்று,
மூடியை அழுத்திய கை ஒன்று.
மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காட்டுக்குள் ஒரு பலகை:
யானைகள் கடக்கும் இடம்,
மாலை ஆறு முதல் காலை ஆறு வரை.
இந்தத் தடத்தில்
நேரத்துக்கு வருவது அவைதாம்.

உடைந்த தரைப்பாலத்தில் வண்டி நின்றது.
மழையில் போன பாலம்,
எந்த மழை என்பது மறந்துவிட்டது.
நெடுஞ்சாலைத் துறை வனத்துறையைக் காட்டும்,
வனத்துறை ஊராட்சியைக் காட்டும்,
ஊராட்சித் தலைவர் வானத்தைக் காட்டுவார்.
இறங்கினேன்.
முன்கண்ணாடிப் பலகையில் சிக்கதொட்டி என்றே எழுதியிருக்க
வண்டி திரும்பிப் போனது.

இனி மூன்று கிலோமீட்டர் நடை.
ஒவ்வோர் அடிக்கும்
பெட்டிக்குள் தண்ணீர் தளும்புகிறது.

அங்கன்வாடி வாசலில் ஐந்து பேர் இருந்தார்கள்.
தக்காளி பறிக்கக் கூலியாள் ஏற்றும் பிக்கப்
ஒன்பதுக்கு டாணென்று வந்துவிடும்;
ஆறு பேர் குழந்தையோடு ஏறிப் போய்விட்டார்கள்.
மணி பத்தே கால்.

குப்பியின் மேல் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் வெளிர்ச் சதுரம்.
பட்ட வெயிலையெல்லாம் கணக்கு வைத்து
அது மெல்லக் கறுக்கும்.
வட்டத்தின் நிறம் வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
இன்னும் வெளிர்தான், தப்பித்தது.
பணியில் சேர்ந்த நாளில் எனக்கும் ஒன்று
ஒட்டி அனுப்பியிருந்தால்
இரண்டாம் வருடமே கழித்திருப்பார்கள்.

பதிவேட்டில் வராதவர்கள்: ஆறு.
காரணம் என்ற கட்டத்தில்
மூன்றே சொற்களை அச்சடித்திருக்கிறார்கள்.
காய்ச்சல். வெளியூர். மறுப்பு.
மறுப்புன்னு போட்டுடு, யாரும் கேக்க மாட்டாங்க
என்பார் மேற்பார்வையாளர்.
யார் மறுத்தது?

பையைத் துழாவி
கசங்கிய லக்கேஜ் சீட்டை எடுத்தேன்.
தேதி, தடம், எட்டு ஏழு என்று
மங்கிய ஊதா எழுத்து.
கட்டத்தை மறைத்து ஒட்டினேன்.
பசை இல்லை, சத்துமாவுக் கூழ்தான்.

கெம்பம்மா மகனுக்கு ஊசி போட்டேன்.
அவன் அலறலுக்கு மேல் குரலுயர்த்தி
அவள் கேட்டாள்:
"வர்ற புதன் வண்டி வருமாக்கா?
வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க,
நானும் பிக்கப்புல ஏறிக்கிறேன்.
இன்னிக்குக் கூலி போச்சு."

பஞ்சை அழுத்திப் பிடி என்றேன்.