எதில் கரைத்தது

மூலக்கூறை யாரும் கண்டதில்லை.
மயிர்த்துளைக் குழாயில் இரண்டு கோடுகள் இருக்கின்றன,
கரைசல் மேல்கோட்டைத் தாண்டும்போது
கடிகாரத்தை அழுத்துவேன், கீழ்க்கோட்டில் மறுபடி.
விழுகிற நேரம்தான் அதன் உடம்பு.

காலையில் இருநூற்றுப் பதினான்கு விநாடி.
பகல் சோற்றுக்குப் பிறகு நூற்று நாற்பது.
அதே பல்பகுதியத் தூள், அதே நிறை.
தொட்டி முப்பது பாகையில் அசையாமல் நிற்கிறது,
வெளியே வந்தாறுமூலை வெயில்
எத்தனையில் நிற்கிறதென்று யாருக்குத் தெரியும்.

சங்கிலி அறுந்ததோ?
சோற்றுப் பார்சல் பிரிக்கும் நேரத்துக்குள்
அதை அறுக்க இங்கே என்ன இருக்கிறது?

எவ்வளவு பெரிது மிஸ் என்று
முதலாம் வருடப் பிள்ளைகள் கேட்பார்கள்,
கூழாங்கல்லைக் கேட்பதுபோல.
எதில் கரைத்தாய் என்று திருப்பிக் கேட்பேன்.
உடம்பெல்லாம் ஒரே ஏற்றம் அதற்கு.
வடித்த நீரில் ஒவ்வொரு கண்ணியும்
அடுத்த கண்ணியைத் தள்ளிப் போ என்கிறது.
அந்தச் சண்டையில்தான் அது நீள்கிறது.
உப்பு நடுவில் வந்தால்
ஒருவர் ஏசுவது மற்றவர் காதில் விழாது,
சுருண்டு படுத்துக்கொள்ளும்,
குழாயில் சட்டென்று வழுக்கிப் போகும்.

நல்லரெத்தினத்தைக் கூப்பிட்டேன்.
பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
வடிகலம் நின்றது.
போத்தல் முடிய, விடுதிக் குழாய்க்கிணற்றில்
நிரப்பி வைத்தாராம்.
"குடிச்சுப் பாத்தன் மிஸ், உப்புத் தெரியல்லையே."

தெரியாதுதான்.
ஆவணி முழுக்க மழையில்லாமல்
நிலத்துக்குள் தண்ணீர் இறங்கியதை
நாக்கு கணக்கில் எடுப்பதில்லை.
எழுபத்து நான்கு விநாடி எடுத்தது.

பிழையென்று பக்கத்தைக் கிழிக்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
கரைப்பான், பெண்கள் விடுதிக் கிணறு, பகல்.
அவர் எட்டிப் பார்த்துவிட்டு
தன் பெயரையும் போடச் சொன்னார். போட்டேன்.

ஐந்து பத்து பஸ்ஸில்
ஏறாவூரில் சனம் ஏற ஏற
முழங்கையை உள்ளே இழுத்தேன்,
பையை மடிக்கு, குடையைக் கக்கத்துக்கு.
செறிவு கூடினாலும் சுருங்கும்.
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல,
பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
நாளைக்கு நானே உப்பு நிறுக்க வேண்டும்,
அரைக் கிராமிலிருந்து.