இரண்டாயிரம் ரூபாயும் ஒரு கேடயமும்

வருஷம் ஆறாகிறது.
ஒவ்வொரு மே மாதமும் மைக்கில்
என் பெயரைப் பிழையாகத்தான் வாசிக்கிறார்கள்,
செறாபினாளைச் செல்வினாள் என்று.
திருத்தப் போவதில்லை.
கேடயத்தில் இருப்பது அவர் பெயர்,
அது சரியாக இருந்தால் போதும்.
பெர்க்மான்ஸ் நினைவு விருது.
சிறுவர் கால்பந்துக்குக்
கூலி வாங்காமல் உழைப்பவருக்கு.

கூலி வாங்காமல்.
அந்தச் சொல்லை எழுதியவர்
எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள்
கை விட்டுப் பார்த்தவர் அல்ல.

கால்மூட்டு போனபின் கடலுக்குப் போகாத மனுஷன்.
தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஏற்றும் வேலை.
நாலு மணி ஆனால்
மீன்பெட்டியில் அரைக்கட்டி ஐஸோடு
வள்ளவிளை மணலில் நிற்பார்.
ஊர் ஆம்பளைகள் ஆழ்கடலில்,
நாற்பது நாள் தங்கல்.
கரையில் அவர்கள் பெற்ற பிள்ளைகள்
கணுக்கால் வீங்க ஓடினார்கள்.
ஐஸ் அவர்களுக்கு.

என் அண்ணன் தந்த பழைய வலை,
விற்றால் மகளுக்கு ஒரு பொட்டுக் கம்மல் வந்திருக்கும்,
ஒருநாள் காணவில்லை.
தேடிப் போனால்
கோல் கம்பத்தில் தொங்குகிறது.
"நல்லா பிடிக்குது பாரு" என்றார்,
மீனைச் சொல்வதுபோல.
மூன்று நாள் பேசவில்லை நான்.
நாலாம் நாள் பேசியதும் சண்டைக்குத்தான்.

பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை
எச்சிலில் நனைத்துச் சொருகுவார்,
வேலை முடிந்ததும் சட்டைப்பையில் போடுவார்.
துவைக்கையில் என் விரலில் குத்தும்.
ஊசி அளவு வசவுகள்
அப்போது என்னிடம் நிறைய இருந்தன.

பன்னிரண்டு வயசுக்கு உட்பட்டோர் போட்டி, நாகர்கோவிலில்.
பிறப்புச் சான்றிதழ் நகல்கள் ஓர் உறையில்.
பையன்கள் பதினாறு, பூட்ஸ் பதினோரு ஜோடி.
குழித்துறையில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி,
ஜன்னல் வழியாக எண்ணி,
தான் ஏறும்முன்
கொஞ்சம் உட்கார்ந்தாராம்.
பந்துப்பை முதலில் வீடு வந்தது.
சட்டை பிறகு.
அன்று நானாகவே
பைக்குள் விரலை விட்டுத் தேடினேன்.

இந்த வருஷம் ததேயு.
ஏழு வருஷமாக மைதானத்துக்குக் கோடு போடுகிறவன்.
சுண்ணாம்பு தின்ற விரல்களை
மேடையில் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறான்.
ஃபாதர் பேசுகிறார்.
பங்குப்பேரவைக்காரர் அதையே திரும்பப் பேசுகிறார்.
நான் கூட்டத்தின் கடைசியைப் பார்க்கிறேன்.
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவன் மனைவி ஜசிந்தாள்,
இடுப்பில் ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று.
எல்லாரும் கைதட்டுகையில்
தட்ட ஒரு கை மிச்சமில்லாதவள்.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
பதினேழு வருஷம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

கேடயத்தைத் ததேயுவிடம் கொடுத்தேன்.
உறையைக் கொடுக்கவில்லை.
மேடைப்படி இறங்கி
மணலில் செருப்புப் புதைய நடந்து
அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.
"எண்ணிக்கோ."

அதற்குள் மைக்கில் ததேயு:
"இந்த ரெண்டாயிரத்தையும்
நம்ம பிள்ளைகளுக்குப் பந்து வாங்கத் தாறேன்."
கைதட்டல். விசில்.
யாரோ ஒரு பையன் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

ஜசிந்தாள் என்னைப் பார்த்தாள்.
உறை ஜாக்கெட்டுக்குள் போனது.

வெகு நேரம் கழித்து,
பந்தல் கயிறு அவிழ்க்கும்போது,
பக்கத்தில் வந்து நின்றாள்.
"ஒரு பந்து என்ன விலை அக்கா?"
"எண்ணூறு இருக்கும்."
இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டாள்.
"ஒண்ணு வாங்கலாம். ரெண்டு முடியாது."

"ஊசி வாங்காண்டாம்" என்றேன்.
"எங்கிட்ட இருக்கு."