மார்ச்சில் அங்கே பனி இருக்குமா

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து
நான்கு முனையிலும் பாரம் வைக்கிறாள் சோல்வெய்க்:
உப்புக் குடுவை, ஸ்டேப்ளர், என் கையுறை ஒன்று,
ஆறிப்போன காபி.
மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் பதினோரு வருடம்.
சேர்த்து வைத்த விடுப்பு ஒன்பது நாள்.
அதற்குள் நான்கு வணிகக் கல்லூரிகள்.

சிகாகோ. ஆன் ஆர்பர். இத்தாகா. ஹானோவர்.
அளவுகோல் வைத்துக் கோடு இழுக்கிறாள்.
மிச்சிகன் ஏரியின் மேலேயே போகிறது கோடு.
நம் கார் நீந்தாது என்கிறேன்.
சிரிக்கவில்லை அவள்.
"அப்படியானால் நீயே சொல், எத்தனை மணி நேரம்?"

டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்
இருபது குளிர்காலமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
இந்த வீட்டில் சாலை என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும்.
நான்கு மணி நேரம்.
மார்ச் என்றால் ஐந்து.
ஏரிக்குக் கோபம் வந்தால் ஆறு.
கிழக்கே போகிறாய், கடிகாரம் வேறு ஒரு மணியை விழுங்கும்.
ஏழு என்று எழுதுகிறாள்,
பென்சிலில்.

வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமாம்.
முன்பதிவு செய்ய வேண்டுமாம்.
வெள்ளிக்கிழமை வராதீர்கள் என்கிறது ஒரு கல்லூரி.
செவ்வாய்க்கிழமை மட்டும் வாருங்கள் என்கிறது இன்னொன்று.
இரண்டு செவ்வாய்க்கு நடுவே ஐந்நூறு மைலைத் திணித்து
விடுதி வாடகையைக் கூட்டுகிறாள், அடிக்கிறாள், கூட்டுகிறாள்.
நடுவில் எழுந்துபோய்
நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.
"பார்க்கப் போகிறேனா, என்னைக் காட்டப் போகிறேனா, தெரியவில்லை.
பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.
என்னைப் பேராசிரியை என்று நினைத்து
வீட்டுப்பாடத்தை நீட்டப் போகிறான்."
தோள் கொஞ்சம் இறுக்கம் என்கிறேன்.
கோடு, கோட்டு, எல்லாவற்றுக்கும் நான்தான் கருத்துச் சொல்கிறேன்.

அதன்பிறகு நீ என்ன செய்வாய் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டுவிடுவாளோ என்று நான் தட்டு கழுவப் போய்விடுகிறேன்.

என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது,
வண்டியில், டீசல் ரசீதின் முதுகில்:
ஹானோவர், நல்ல பனி.
இத்தாகா, பனியோடு செங்குத்துத் தெருக்களும், ஆள் தேவைப்படும்.
ஆன் ஆர்பர், பரவாயில்லை.
சிகாகோ, பனி உண்டு,
வேலைக்கு வரிசையில் எத்தனை பேரோ.

நேற்று ராத்திரி ரப்பர் துகளை ஊதித் தள்ளும்போது பார்த்தேன்.
தெற்கே, மடிப்புக்குக் கீழே,
அழிக்கப்பட்ட ஒரு வட்டம்.
விரல் வைத்தால் பள்ளம் தட்டுகிறது.
டர்ஹாம், வட கரோலினா.
மற்ற நான்கையும் மெல்லத்தான் வட்டமிட்டிருக்கிறாள்.
இதை மட்டும் அழுத்தி.

இன்று மதியம் வண்டியை ஓரம் கட்டி
அந்தக் கல்லூரிக்குப் போன் செய்தேன்.
டெனீஷா என்று ஒரு பெண் எடுத்தாள்.
மார்ச் இருபத்தொன்று, காலை வகுப்பில் ஓர் இடம் இருக்கிறதாம்.
சோல்வெய்க்கை எழுத்துக் கூட்டிச் சொன்னேன், இரண்டு தடவை.
வேறு ஏதாவது கேள்வி உண்டா என்றாள்.

அங்கே பனி பெய்யுமா?

சிரித்துவிட்டாள்.
எப்போதாவது ஓர் அங்குலம், அதற்கே ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும்.
ஆனால் நீங்கள் வருகிற சமயம்
பைன் மரங்கள் மகரந்தம் கொட்டும் சார்,
கார் மேல், படிக்கட்டு மேல், நாய் மேல்கூட,
மஞ்சளாக, விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு.

அதை யார் அள்ளுவார்கள் என்றேன்.

மறுமுனையில் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.
"யாரும் அள்ளுவதில்லை. மழை வரும்."

ரசீதை எடுத்தேன்.
சிகாகோவுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.
டர்ஹாம் என்று எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து,
அதற்கப்புறம் என்ன போடுவது என்று தெரியாமல்
பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்,
பின்னால் வந்த பள்ளிப் பேருந்து
ஹாரன் அடிக்கும்வரை.