எல்லாருக்குமான வரி

கல்முனைப் பிரதான வீதி,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
இரவு பதினொன்றேகாலுக்கு
ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினேன்.

செய்தது அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு பொதிகள்.
ஒவ்வொன்றின் கதவையும் தட்டி
உனக்கு எது வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை.
கட்டப்படும்போது ஒவ்வொன்றும் மேலே பார்க்கும்,
அந்த வரி இருக்கும்,
சரி என்று எடுத்துக்கொள்ளும்.
பொத்துவில் பள்ளிக்கூடத்துக் கணினிக்கும் அதே.
காரைதீவு வாசிகசாலைக்கும் அதே.
ஆரும் கையெழுத்து வைக்காத சம்மதங்கள்
நமக்குப் புதிதில்லை.
என் பெயரை எந்த மொழியில் எழுதுவதென்று
நான் பிறக்கமுதலே
ஒரு படிவம் தீர்மானித்து வைத்திருந்தது.

புதிய செயலிகளுக்கு ஏற்றபடி கட்டு:
இதுதான் வரி.
மூன்று வீதம் வேகம் கூடும்.
"பத்து வருசத்துக்கு முந்தின மெஷின்
இனி எங்க கிடக்கப்போகுது?"
என்றான் பேரின்பராசா, கொத்துரொட்டியைப் பிரித்தபடி.
எனக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

விடியும்வரை கொம்பைலர் ஓடியது.
இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது.
பதினேழு பொதிகள் உடைந்தன.
கட்டும்போதே உடைவது நல்ல பிள்ளை,
அழுது காட்டும்.
பதினேழையும் தூக்கித் துடைத்துச் சரிசெய்தேன்.
மற்றதெல்லாம் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன.

ஆறாம் நாள், மாசி மாதம், காலை ஏழு மணி.
சம்மாந்துறை அரிசி மில்லில் கணக்கெழுதும் சஃப்ரினா.
பின்னால் ட்ரக்டர்கள் உறுமுகின்றன,
அறுத்த நெல்லோடு, ரோட்டு வரை வரிசை.
"தராசு வேலை செய்யல்ல.
ஸ்கிரீன்ல 'சட்டவிரோதக் கட்டளை' எண்டு கிடக்கு.
நாங்க என்ன சட்டவிரோதம் செஞ்ச?"

அந்தச் சொல்லைத் தமிழாக்கியது நான்.
இதே மேசையில், இரண்டு வருடத்துக்கு முன்,
ஒரே மாலையில் அறுநூறு செய்திகள்.
இந்தக் கரையில் ஒருத்தி
விடிந்ததும் விடியாததுமாய்
அப்படி ஒன்றை வாசித்தால் என்ன ஆகும் என்று
அன்றைக்கு ஓடவில்லை.

மூடிய வங்கிக் கிளையொன்றின் ஏலத்தில் எடுத்த கணினியாம்.
பதினாலு வயது.
நான் அனுப்பிய கட்டளையை அது
பிறந்த நாளிலிருந்து கேட்டதே இல்லை.

"தராசுக்கு மட்டும் விலக்குக் குடு" என்றான் பேரின்பராசா.
தராசு தனியே நிற்கவில்லையே.
அதன் அடியில் ஒரு நூலகம்,
அதற்கும் அடியில் இன்னொன்று,
எல்லாம் என் வரியில் வெந்தவை.
மேல்வாய்க்காலில் கதவைப் பூட்டிவிட்டுக்
கடைசி வயலுக்கு மட்டும் தண்ணி விடுவதெப்படி?

"ஒரு கிழட்டுப் பெட்டிக்காக
நானூறு பள்ளிக்கூட மெஷினும் மெதுவாப் போகணுமா?"
அவன் கேட்டதில் பிழையில்லை.
பதில் என்னிடம் முழுசாய் இல்லை.
வரி என்றால் வரிதான்,
எல்லாரும் கொஞ்சம் கட்டுகிறோம்.
மூன்று வீதம்.

பழைய வரியைத் திரும்ப வைத்தேன்.
புதியதை அழிக்கவில்லை,
முன்னால் ஒரு குறியிட்டு ஊமையாக்கினேன்.
பக்கத்தில் எழுதினேன்:
சம்மாந்துறை மில்லில் கேட்டுவிட்டுத் திற.

முதலில் தராசுக்கு வேண்டியதைக் கட்டி அனுப்பினேன்.
பின்னேரம் சஃப்ரினாவிடமிருந்து ஒரு படம்.
தராசுத் திரையில் 4260 கிலோ.
வேறு சொல் இல்லை.

பிறகு அந்தத் தமிழாக்கத்தைத் திறந்தேன்.
"சட்டவிரோத" என்பதை வெட்டினேன்.
"இந்தச் செயலி அறியாத கட்டளை."
அதுவும் செயலியைத்தானே குற்றம் சொல்கிறது.
"இந்தச் செயலிக்கு நாங்கள் கற்றுக்கொடுக்காத..."
நீளம் கூடிப்போச்சு, பெட்டிக்குள் அடங்காது.

இன்னும் சேமிக்கவில்லை.
அடுத்த ஜன்னலில் மற்றப் பொதிகள் கட்டுப்படுகின்றன.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலில்
நாற்பத்தொன்று.