முப்பது எண்ணும்வரை

விளக்கு எரியுது, விசிறி சுத்துது,
முகத்த மட்டும் காட்ட மாட்டேங்குது என்று
பாசி வாடை போகாத உரச்சாக்கில் சுற்றி
அதைக் கொண்டுவந்து வைத்தாள்.
பேர் கேட்டேன், ரசீதில் எழுத.
நம்பு என்றாள்.
நம்புகிறேன், பேரைச் சொல்லுங்கள் என்றேன்.
நம்புநாயகி. சின்னப்பாலம்.

பாம்பன் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
எட்டுக்கு ஆறு கடை என்னுடையது.
ஆடி மாதக் கச்சான் மணலையும் உப்பையும் அள்ளி
ஷட்டரில் வீசிக்கொண்டிருந்தது.

எப்போதிருந்து?
செவ்வாய்க்கிழமை. வியாபாரி வந்துட்டுப் போன ராத்திரி.
கீழே விழுந்ததா?
இல்லை.
தண்ணி பட்டதா?
சிரித்தாள்.
கழுத்தளவுக் கடலில் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவளிடம்
நான் கேட்ட கேள்வி அப்படி.

பேட்டரியைக் கழற்றினேன். ஒயரைப் பிடுங்கினேன்.
மிச்ச மின்சாரம் இறங்கட்டும்,
விசையை அழுத்திப் பிடித்து முப்பது எண்ணுங்கள் என்றேன்.
அவள் எண்ணவில்லை.
மூச்சை அடக்கினாள்.
நான் முப்பது முடித்து, நாற்பது தாண்டி,
போதும் என்று சொல்லும்வரை
அவள் தோள் அசையவே இல்லை.

மறுபடி போட்டால்
அதே விளக்கு, அதே விசிறி, அதே கருப்பு.
மூன்று முறை கூவியது.
மூன்று என்றால் மெமரி என்று
இந்தக் கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான்.
அடுத்த கம்பெனிக்காரனுக்கு மூன்று வேறு.

அடியில் ஒன்பது திருகாணி இருக்க வேண்டும்.
ஏழு இருந்தன.
அதில் ஒன்று துருவேறித் தலை வழுக்கி
என் அரை மணி நேரத்தைத் தின்றது.
உள்ளே விசிறி இறக்கையில் மணல்,
காய்ந்துபோன ஒரு எறும்புக் குடும்பம்,
மெமரிப் பட்டையின் பொன் பற்களில்
பச்சையாய்ப் பூத்த உப்பு.

மதுரையில் வேலை பழகிய கடையில்
இதற்கென்று ஒரு ஸ்ப்ரே இருந்தது.
இங்கே என் மகனின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து
தப்புக் கணக்குகளை அழித்து அழித்துக்
கறுத்துப்போன பாதி ரப்பர்.
தேய்க்கத் தேய்க்க
ஒவ்வொரு பல்லாகப் பொன் திரும்பியது.

அப்போதுதான் அவள் பேசினாள்.
உள்ளே ஒரு எக்செல் இருக்கிறதாம்.
நாற்பத்தியொரு பெண்கள்.
யார் எத்தனை கிலோ, ஈர எடை எவ்வளவு,
காய்ந்த பிறகு எவ்வளவு, பேசிய விலை என்ன.
நோட்டும் இருந்தது.
பார்த்துட்டுத் தரேன் என்று அவர்தான் வாங்கிப்போனார்,
அதே செவ்வாய்க்கிழமை.
இனி அவர் சொல்வதுதான் கிலோ.

பட்டையைச் சாய்த்துச் செருகி அமுக்கினேன்.
டிக் என்றது.
அந்தச் சத்தத்திடம் பல தடவை ஏமாந்திருக்கிறேன்.
வந்துரும் என்று சொல்லவில்லை,
அவள் பேர் நம்பு என்றிருந்தும்.

விசை.
விளக்கு. விசிறி.
கருப்பு.
கருப்பு.
பிறகு இடது மூலையில்
வெள்ளையாய் ஒரு கோடு கண்சிமிட்டியது.

தேதி தெரியவில்லை என்றது.
பொத்தான் பேட்டரி செத்திருந்தது.
அதற்குத் தெரிந்த ஒரே நாள்
2011 ஜனவரி ஒன்று, நள்ளிரவு.

எட்டிப் பார்த்தாள்.
அப்ப நான் பதினொண்ணாவது.
இத கவர்மெண்டுல இன்னும் கொடுக்கவே இல்ல.
கடன் இல்ல. கல்யாணம் இல்ல.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
காற்று ஷட்டரை ஒரு முறை உலுக்கிற்று.

அப்படியே விட்டாலும் ஃபைல் திறக்கும்,
தேதி மட்டும்தான் தப்பாக இருக்கும் என்றேன்.

இன்னைக்கு வைங்கண்ணே.
அந்தத் தேதியில அவன் எங்களுக்கு
ஒத்த ரூவா தர வேண்டியதில்ல.

வைத்தேன்.
நாற்பத்தியொரு பேரும் வரிசையாக எழுந்து வந்தார்கள்.
பென்டிரைவ் கேட்டாள். இரண்டாகக் கேட்டாள்.
ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.
மற்றதை என் மேசை இழுப்பறைக்குள் தள்ளி
இங்கயே கெடக்கட்டும் என்றாள்,
யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லாமல்.

அவள் போன பிறகு
மேசைமேல் ரப்பர் தூளை ஊதினேன்.
உதட்டில் கரித்தது.