கொடித் துணி

கோரிப்பாளையம் பழைய பேப்பர் கடையில்
தராசுத் தட்டிலிருந்து நழுவி விழுந்தது அந்த உறை.
இந்தியத் தபால்தலை,
அதன்மேல் ஏதோ அரபுத் துறைமுகத்தின் முத்திரை.
அனுப்பியவர்: பீர்க்கண்ணு ராவுத்தர், தையல்.

"எங்கள் ஷேக்குக்கு மணல் உண்டு, மழை இல்லை.
முத்துக்குளிக்கும் கடலில் இங்கிலீஷ் கப்பல்.
பேரீச்சந்தோப்புக்குப் பின்னால் துருக்கிப் பட்டாளம்.
புகை தெரிந்தால் ஒரு கொடி,
புழுதி தெரிந்தால் வேறு கொடி.
இரண்டிலும் சிவப்பு மதுரைச் சாயத்துணி,
ஒரே துண்டில் வெட்டியது.
அது அவர்களுக்குத் தெரியாது.

போன வெள்ளி புகையும் புழுதியும்
சேர்ந்தே வந்துவிட்டன.
ஷேக் வெறுங்கம்பத்தைப் பார்த்தபடி
காவா குடித்து முடித்தார்.
பிறகு தலைத்துண்டை அவிழ்த்து
'இதை ஏற்று' என்றார்.
வெள்ளைத் துணி. ஓரம்கூட அடிக்கவில்லை நான்.

'நமக்குப் பணிந்தான்' என்று
இருதரப்பும் எழுதிக்கொண்டு போனது.
மறுநாள் அதே துண்டில்
தலை துவட்டினார்.

கொடிக் கூலி பாக்கி.
துருக்கியிடம் கேட்கவா, துரையிடம் கேட்கவா?
மிஷின் கடனுக்குச் செட்டியாரிடம்
இன்னும் ஒரு மாசம் சொல்லவும்.
வைகையில் தண்ணீர் வந்ததா?"

வருஷம் எழுதிய இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

கிலோ பன்னிரண்டு என்றார் கடைக்காரர்.
உறையை மட்டும் நீட்டினேன்.
தட்டில் போட்டுப் பார்த்தார்,
முள் அசையவில்லை.
"சும்மா எடுத்துட்டுப் போங்க."