லென்ஸ் பொருத்தப்படவில்லை

திபிலீசி, உலர்பாலச் சந்தை.
மழைத்தாள் மேல் கரண்டிகள், பதக்கங்கள்,
ஜோடி இல்லாத ஒரு ஸ்கேட் காலணி,
அதற்குள் உருண்டு கிடந்தது
ஹீலியோஸ் ஐம்பத்தெட்டு.

எழுபது கேட்டான் ரெவாஸ்.
ஐம்பதுக்கு மேல் ஏறாதே என்று
என் முழங்கையைக் கிள்ளினான் மாமுகா.
அறுபத்திரண்டுக்கு முடிந்தது.
பொறித்த எண்ணின் தொடக்கம் எண்பத்தொன்று:
என்னோடு பிறந்திருக்கிறது.
உள்ளே ஒரு தூசு,
விளிம்பில் யாருடைய நகமோ இழுத்த கோடு.

வீட்டில் அடாப்டரைத் திருகி
புதுக் கேமராவில் மாட்டினால்
திரை கருப்பு.
'லென்ஸ் பொருத்தப்படவில்லை.'
மணிக்கட்டு வலிக்க முன்னால் தொங்குகிறது,
இல்லையாம்.
மெனுவுக்குள் மெனுவாக இறங்கி
ஏதோ ஒரு பக்கத்தின் அடியில்
'லென்ஸ் இல்லாமலும் எடு' என்பதைப் பிடித்து
சரி என்றேன்.
இல்லாத லென்ஸ் வழியாக
எங்கள் சமையலறை வந்தது,
கொஞ்சம் மஞ்சளாக.

பகலில் நான் பல் மருத்துவமனையில் படமெடுப்பவள்.
ஈறு, கடைவாய், உடைந்த முனை.
கேமராவே தேடும், கேமராவே கண்டுகொள்ளும்,
எனக்கு மிச்சம் ஒரு விரல்.
நாளைக்கு நாற்பது வாய்.
எல்லாம் திறந்தே இருக்கும்,
ஒன்றும் பேசாது.

அடாப்டர் மலிவு. மயிரிழை மெல்லியது.
அதனால் வளையம் முடிவிலியில் நிற்பதில்லை.
படுத்துக் கிடக்கும் எட்டையும் தாண்டி
இன்னும் கொஞ்சம் திரும்புகிறது.
ஒன்பதாம் மாடி பால்கனியிலிருந்து போய்ப் பார்த்தேன்:
அங்கே மலையும் இல்லை, கோபுரமும் இல்லை.
ஒன்றன்மேல் ஒன்று சரிந்த நாணயங்களாய்
வெளிச்சம் மட்டும்.

அன்று இரவு மாமுகா
வால்நட் உடைத்துக்கொண்டிருந்தான்.
அசையாதே, என்றேன்.
திரையில் சிவப்பு மினுக்கம் எறும்பாய் ஊர்ந்தது:
சுத்தியலில் ஏறி, விரல் முட்டிக்குப் போய்,
சட்டைப் பொத்தானில் நின்று,
தாடிக்கு வருவதற்குள் அவன் சாய்ந்துவிட்டான்.
முடிந்ததா?
இல்லை.
இப்போது?
மூச்சு விடாதே.
சிரித்தான். மறுபடி முதலிலிருந்து.

காத்திருந்ததில் சிரிப்பு தேய்ந்தது.
படத்துக்கு வைத்த முகம் வழிந்துபோய்
அடியில் இருந்த முகம் வந்தது.
என்னைப் பார்க்கவில்லை,
அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்:
போஸ்னானில் வேலை கிடைத்திருக்கிறது,
குளிர்பதன வண்டி ஓட்ட.
ஜனவரியில் கிளம்ப வேண்டும்.
மூன்று வாரமாகத் தெரியும்.

வளையத்தில் இருந்த என் விரல்
எந்தப் பக்கம் திரும்பியதோ.
அழுத்தினேன்.

மற்ற லென்ஸாக இருந்தால்
கண்ணைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு
இமைக்குமுன் முடித்திருக்கும்.
அவன் நன்றாகச் சிரித்திருப்பான்.
எனக்கு ஜனவரியில்தான் தெரிந்திருக்கும்.

படத்தில் தெளிவாக இருப்பது
அவனுடைய இடது காது மடல்.
பழைய துளையின் வடுகூடத் தெரிகிறது.
வாய், சொல்லி முடித்த வாய்,
மங்கலில் தொடங்குகிறது.
பின்னால் திரைச்சீலைப் பூக்கள்
அவனைச் சுற்றிச் சுழல்கின்றன,
தொட்டியில் நீர் இறங்குவதுபோல.
கோப்பின் குறிப்பைத் திறந்தேன்.
லென்ஸ்: வெற்றிடம்.
துளை: சுழியம்.
குவியத் தூரம்: சுழியம்.
தேதியும் மணியும் மட்டும் சரி:
அக்டோபர் பத்தொன்பது, ஒன்பது பதினான்கு.

நன்றாக வந்திருக்கிறதா, என்றான்.

கேமராவைத் தள்ளி வைத்தேன்.
சுத்தியலை அவன் கையிலிருந்து வாங்கி
அடுத்த கொட்டையை நானே உடைத்தேன்.
ஓடு மேசையெங்கும் தெறித்தது.
எத்தனை வருஷத்துக்கு, என்றேன்.